ஆகாய வழியும் ஏகபோகமும்

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், அய்ரோப்பிய நகரங்களைக் குறைந்த கட்டண ஆகாய விமானத்திலும் வாடகைக் காரிலும் போய்ப் பார்ப்பது என்பதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் இதென்ன பேச்சு, ஊர் சுற்றுகிறவனுக்கும் காசு மிகுந்தவனுக்குமல்லவா இந்தச் சங்கதி வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். யார் எந்த வழியில் போகலாம், யார் போகக்கூடாது என்பதுதானே நம்முடைய பழைய சண்டை? 1924-இல் வைக்கத்தில் ஆரம்பித்த போராட்டம் எதற்கு? கோவிலுக்குள் போவதற்குக் கூட அல்ல. கோவிலைச் சுற்றியிருந்த தெருவில் மனிதன் நடப்பதற்கு!

தெருவுக்கு இருந்த தடை கடலுக்கும் இருந்தது. கடல் தாண்டினால் தோஷம், சாதி போய்விடும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 1914-இல் கணித மேதை ராமானுஜம் இங்கிலாந்துக்குப் போகப் புறப்பட்டபோது இந்தத் தடைதான் குறுக்கே நின்றது. அவருடைய தாயாரின் கனவில் நாமகிரி அம்மன் வந்து உத்தரவு கொடுத்த பிறகே தடை நீங்கியது என்று கதை சொல்லுகிறார்கள். உலகமே வியக்கும் கணக்கைப் போட்டவனுக்குக் கப்பல் ஏற ஓர் அம்மனின் கையெழுத்து வேண்டியிருந்தது! அந்த அம்மன் மாத்திரம் கனவில் வராமல் இருந்திருந்தால் அந்த அறிவின் கதி என்ன ஆகியிருக்கும்? பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறினார். எகிப்து, துருக்கி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளைப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். எந்தத் தெய்வத்திடமும் அவர் உத்தரவு கேட்கவில்லை. ஒரு தோஷமும் அவரைப் பிடிக்கவில்லை.

சரி, வெள்ளைக்காரன் நாட்டில் இந்தமாதிரித் தடையே இல்லையா என்றால், இருந்தது. அங்கே சாஸ்திரத்தின் பெயரால் அல்ல, சர்க்காரின் பெயரால் இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு அநேக வருஷங்கள் அய்ரோப்பாவில் ஆகாயம் சில பேருடைய சொத்தாகவே இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சர்க்கார் கம்பெனி. இரண்டு நாட்டு சர்க்கார்களும் கூடி உட்கார்ந்து, இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே உன் கம்பெனி ஒன்று, என் கம்பெனி ஒன்று, இத்தனை பேரை ஏற்றலாம், இன்ன கட்டணம் வாங்கலாம் என்று ஒப்பந்தம் செய்து கொள்ளுவார்கள். மூன்றாவது மனிதன் அந்த வழியில் விமானம் விட முடியாது. பணக்காரனும், அதிகாரியும், வியாபாரியும் பறந்தார்கள். தொழிலாளி ரயிலிலும் கப்பலிலும் போனான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் தேசத்தில் சர்க்கார் ஒப்புக்கொண்ட கட்டணத்திற்குக் குறைவாக விமான டிக்கெட்டு விற்பது குற்றம்! அப்படி விற்ற சில கம்பெனிக்காரர்கள் மீதும் டிக்கெட்டு விற்பனையாளர்கள் மீதும் கிரிமினல் வழக்கே போட்டார்கள். திருடினான், கொன்றான் என்று வழக்கு அல்ல, தோழர்களே. ஏழைக்கு மலிவாகக் கொடுத்தான் என்று வழக்கு! அந்த வழக்கு அய்ரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-இல், வியாபாரத்தில் போட்டிக்கு உள்ள சட்டம் ஆகாயத்துக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு 1987-இலும், 1990-இலும், 1992-இலும் மூன்று தவணையாகச் சட்டங்கள் செய்து பழைய கட்டுகளை அவிழ்த்தார்கள். 1997 முதல் அய்ரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த எந்த நாட்டுக் கம்பெனியும் அந்த ஒன்றியத்தின் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் விமானம் விடலாம் என்றாயிற்று.

ஏகபோகக்காரர்கள் இதைச் சும்மா விட்டுக் கொடுத்தார்களா? இல்லை. 1977-இல் ஃப்ரெடி லேக்கர் என்கிற ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுன் கட்டணத்தில் விமானம் விட்டார். ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட்டு வாங்கினார்கள். 1982-இல் அவர் கம்பெனி திவாலாயிற்று. பெரிய கம்பெனிகள் சேர்ந்து சதி செய்து கெடுத்தன என்று வழக்குப் போட்டார்கள்; 1985-இல் அது பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. அயர்லாந்தில் ரயன்ஏர் 1985-இல் 15 பேர் உட்காரும் சின்ன விமானத்தோடு ஆரம்பித்தது. ஈசிஜெட் 1995-இல் லண்டனுக்கு அருகேயுள்ள லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு 29 பவுனில் ஆரம்பித்தது. தரகன் வேண்டாம் என்று டெலிபோன் நம்பரை விமானத்தின் உடம்பிலேயே பெரிதாக எழுதி வைத்தார்கள். 2004-இல் விஸ்ஏர் என்ற கம்பெனி போலந்திலிருந்து பறக்க ஆரம்பித்தது. கூலி வேலைக்கு மேற்கே போன கிழக்கு அய்ரோப்பியத் தொழிலாளிகள் அதில் ஊருக்குப் போய் வந்தார்கள்.

இவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது? இது கடவுள் கிருபையா? அல்ல. அமெரிக்காவில் 1971-இல் பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட் என்ற கம்பெனி காட்டிய கணக்கிலிருந்து வளர்ந்தது இது. ஒரே வகை விமானம் மாத்திரம் வைத்துக் கொள்; பைலட்டுக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே படிப்புப் போதும். விமானம் தரையில் நிற்கும் நேரம் நஷ்டம். ஆகவே இறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, சுமார் 25 நிமிஷத்தில் மறுபடி கிளப்பு. சாப்பாடு வேண்டுகிறவன் காசு கொடுத்து வாங்கிக் கொள்ளட்டும். பெட்டி கொண்டு வருகிறவன் பெட்டிக்குக் கொடுக்கட்டும். வாடகை அதிகமுள்ள பெரிய விமான நிலையத்தை விட்டுச் சின்ன நிலையத்தில் இறங்கு. இவ்வளவுதான் இரகசியம்.

கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் போக விரும்புகிறார்கள், விலை ஏறுகிறது. செவ்வாய், புதனில் கூட்டம் குறைவு. பெரும்பாலும் விலையும் குறைகிறது. நம்மவன் என்ன சொல்லுகிறான்? செவ்வாயோ வெறுவாயோ என்கிறான், வாரசூலை பார்க்கிறான், இராகு காலம் கழியட்டும் என்கிறான். பஞ்சாங்கத்தைப் பார்த்து டிக்கெட்டு வாங்குகிறவன், மற்றவன் கொடுப்பதைவிட அதிகம் கொடுத்து அதே விமானத்தில் அதே நேரத்தில் அதே ஊரில் போய் இறங்குகிறான். வெள்ளைக்காரன் எல்லாம் அறிவாளி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானங்களில் 13-ஆம் வரிசை இராது. 17-ஆம் வரிசையும் இராது. முந்தினது சில நாட்டாருக்கு ஆகாதாம், பிந்தினது இத்தாலிக்காரருக்கு ஆகாதாம். பன்னிரண்டுக்கு அடுத்த வரிசைக்குப் பதினான்கு என்று பெயர் வைத்துவிட்டால் அது பதின்மூன்றாவது வரிசையாக இல்லாமல் போய்விடுமா? மூடநம்பிக்கைக்கு நிற பேதமில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஏகபோகக்காரன் ஒழிந்தான், மலிவு கம்பெனிக்காரன் வந்தான். ஆகவே இவனை நம்பிவிடலாமா என்றால், கூடாது. புரோகிதனை நம்பாதே என்று சொல்லுகிற நாம் கம்பெனிக்காரனை மாத்திரம் ஏன் கும்பிட வேண்டும்? புரோகிதன் "தட்சிணை உங்கள் இஷ்டம்" என்று ஆரம்பித்து, அரிசிக்குத் தனி, வேஷ்டிக்குத் தனி, கோதானத்துக்குத் தனி என்று முடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த வித்தை இங்கேயும் உண்டு. இருக்கைக்குக் கீழே அடங்கும் சின்னப் பைக்குத்தான் காசு இல்லை. அதற்குமேல் பெட்டிக்குத் தனி, விரும்பிய இடத்தில் உட்காரத் தனி. சில கம்பெனிகள், வீட்டிலேயே இன்டர்நெட்டில் செக்-இன் செய்யாமல் விமான நிலையத்துக்கு வந்து கேட்கிறவனிடம் அதற்கும் தண்டம் வாங்குகின்றன. ஆகவே பையை வீட்டிலேயே அளந்து பார். விதியைப் படித்துப் பார். எல்லாவற்றையும் கூட்டிப் பார். அதன் பிறகு மலிவு என்று சொல்.

ஊர்ப் பெயரையும் நம்பிவிடக்கூடாது. பாரிஸ் என்று எழுதியிருக்கும் போவே நிலையம் பாரிசிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிராங்க்பர்ட் என்று எழுதியிருக்கும் ஹான் நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அங்கிருந்து நகரத்துக்குப் போகும் பஸ் கட்டணத்தையும், அதில் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இதையெல்லாம் பார்த்துத்தான் சட்டமும் செய்தார்கள். 2008-இல் செய்த விதிப்படி, வரியும் தவிர்க்க முடியாத கட்டணமும் சேர்த்த முழு விலையைக் கம்பெனி முதலிலேயே காட்ட வேண்டும். 2004-இல் செய்த விதிப்படி, தன் குற்றத்தால் விமானத்தைத் திடீரென்று ரத்து செய்த கம்பெனி 1500 கிலோமீட்டர் வரையுள்ள பிரயாணத்திற்கு 250 யூரோ நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கம்பெனிகள் என்ன சொல்லின? இயந்திரம் கெட்டுப் போயிற்று, அது எங்கள் கையிலா இருக்கிறது என்றன. எல்லாம் விதி என்கிற நம் ஊர்ப் பேச்சுத்தானே இது? 2008-இல் நீதிமன்றம் அதை ஒப்புக் கொள்ளவில்லை. விமானம் ஓட்டுகிறவனுக்கு இயந்திரக் கோளாறு என்பது தொழிலோடு வருவது, விதி என்று தப்பித்துக் கொள்ள முடியாது என்றது. இந்த உரிமை அய்ரோப்பிய ஒன்றிய நாட்டு விமான நிலையத்தில் ஏறுகிற எவனுக்கும் உண்டு. உன் தேசம் எது, உன் நிறம் எது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

இனி வாடகைக் கார் சங்கதி. இதற்கு ஒரே ஒரு சூத்திரம் வைத்துக் கொள்ளுங்கள்: நகரத்துக்குள் கார் வேண்டாம், ரயில் போகாத கிராமத்துக்கும் சிற்றூருக்கும் கார் எடு. ரோம், பிளாரன்ஸ் முதலிய இத்தாலிய நகரங்களின் நடுப்பகுதியில் வெளிக்கார் போகக் கூடாத எல்லைகள் உண்டு. காமிரா படம் பிடித்துவிடும். நீ ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆன பிறகு அபராதக் கடிதம் வரும். லண்டனில் 2003 முதல் நடு நகரத்துக்குள் கார் கொண்டு போக வரி. நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் காலும், பஸ்ஸும், பாதாள ரயிலும் போதும். நான்கு பேர் சேர்ந்து நாட்டுப்புறம் போகும்போதுதான், வாடகையையும் எண்ணெயையும் நான்காகப் பிரித்தால் கார் மலிவாகிறது.

நம் டிரைவிங் லைசென்சோடு, நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச அனுமதிச் சீட்டும் வாங்கிக் கொள்ள வேண்டும். அது ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஓட்டுகிறவன் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்; அதில் ஒரு தொகையை முன்பணமாக நிறுத்தி வைப்பார்கள். காரை வாங்குமுன் சுற்றி வந்து, கீறல் இருந்தால் படம் எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருப்பவன், "ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டு, இன்னொரு இன்ஷூரன்சைத் தலையில் கட்டப் பார்ப்பான். ஜோசியன் சனி பிடித்திருக்கிறது என்று பயமுறுத்திப் பரிகாரத்துக்குக் காசு வாங்குகிறானே, அதே குரல்! பயந்து கையெழுத்துப் போடாமல், முன்னமே நம்மிடம் உள்ள இன்ஷூரன்ஸ் எதற்குச் செல்லும், விபத்து நேர்ந்தால் நம் பொறுப்பு எவ்வளவு என்று படித்துப் பார்த்து வேண்டும் வேண்டாம் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு ஒரு வருஷச் சீட்டு வாங்க வேண்டும், 40 பிராங்க். ஒரு நாள் போனாலும் அதே 40 தான். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. எந்த நாட்டு எல்லையைத் தாண்டலாம் என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அய்ரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் சாலையில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நமக்கு இடது பக்கம் பழக்கமாயிற்றே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறேன். ஸ்வீடன் தேசத்தில் முன்பு இடது பக்கந்தான். சுற்றிலும் உள்ள நாடுகளில் வலது பக்கம். 1955-இல் மாற்றலாமா என்று ஜனங்களைக் கேட்டதில் 100-க்குச் சுமார் 83 பேர் மாற்றவே கூடாது என்று வாக்களித்தார்கள். பழக்கம் என்றால் அவ்வளவு பிடிவாதம்! ஆனாலும் காரியத்தை யோசித்துச் சட்டசபை சட்டம் செய்தது. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்குத் தேசம் முழுவதும் வண்டிகள் வலது பக்கம் மாறின. வானம் இடிந்து விழவில்லை. ஆயிரம் வருஷத்துப் பழக்கம், இதை மாற்ற முடியுமா என்று சாதிக்கும் சடங்குக்கும் வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு காலைப்பொழுது பதில் சொல்லும்.

போய் எதைப் பார்ப்பது? கோபுரத்தையும் கடைவீதியையும் எல்லோரும் பார்க்கிறார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பகுத்தறிவுக்காரன் பார்க்க வேண்டிய இடங்கள் வேறே சில உண்டு.

முன் சொன்ன அந்தப் போவே நிலையத்திலேயே இறங்கி, பாரிஸ் பஸ்ஸில் ஏறாமல் ஒரு கார் எடுத்து வடக்கே ஒன்றரை மணி நேரத்திற்குள் ஓட்டினால் அப்வில் என்ற சிற்றூர் வரும். 1765-இல் அந்த ஊர்ப் பாலத்தின் மேலிருந்த சிலுவையை யாரோ வெட்டிச் சேதப்படுத்திவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. பிடித்தது யாரை? லா பார் என்ற இளைஞனை. அவன் செய்ததாகச் சொன்ன குற்றம், சாமி ஊர்வலம் போகும்போது தொப்பியை எடுக்கவில்லை, மதத்தைக் கேலி செய்து பாட்டுப் பாடினான் என்பது. 1766 ஜூலை 1-ஆம் தேதி அவனைச் சித்திரவதை செய்து, தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். வால்டேர் எழுதிய தத்துவ அகராதியையும் அதே நெருப்பில் போட்டார்கள். அவனுக்கு வயது 20. பிரெஞ்சுப் புரட்சி வந்த பிறகு 1793-இல் அவன் நிரபராதி என்று தீர்மானித்தார்கள். 1907-இல் அந்த ஊரில் அவனுக்கு ஞாபகச் சின்னம் வைத்தார்கள். பாரிசில் மோன்மார்த்ர் குன்றின் மேலுள்ள பெரிய மாதா கோவிலுக்கு அருகேயும் அவனுக்குச் சிலை உண்டு. தொப்பியைக் கழற்றாததற்கு உயிரைக் கொடுத்தவன் அவன். மேல்துண்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக் கொள் என்று சொல்லப்பட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தச் சிலையின் அர்த்தத்தை வேறொருவன் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ரோமில் கம்போ தெ பியோரி என்ற காய்கறிச் சந்தை இருக்கிறது. 1600 பிப்ரவரி 17-இல் ஜியோர்தானோ புரூனோவை அங்கே உயிரோடு எரித்தார்கள். உலகங்கள் அநேகம் உண்டு என்றும், மதம் ஒப்பாத பலவும் சொன்னவர் அவர். 1889-இல் அதே இடத்தில், போப்பாண்டவருடைய கோபத்தையும் மீறி, அவருக்குச் சிலை வைத்தார்கள். ஜெனீவாவுக்குப் போனால் சம்பெல் என்ற இடத்தில் ஒரு கல் இருக்கிறது. மைக்கேல் செர்வெட்டஸ் என்ற வைத்தியரை 1553-இல் அங்கே எரித்தார்கள். எரித்தது போப்பின் கூட்டம் அல்ல. போப்பை எதிர்த்துச் சீர்திருத்தம் பேசிய கால்வினின் கூட்டம். 1903-இல் கால்வினின் வழிவந்தவர்களே அது தப்பு என்று கல்லில் எழுதி வைத்தார்கள். சீர்திருத்தம் பேசுகிற நாமும் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டியது அவசியம்.

இவ்வளவு சொன்ன பிறகு, நமக்கு இன்னும் திறக்காத வழியைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. அய்ரோப்பாவில் 29 நாடுகள் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்து, தங்களுக்குள் எல்லைக் காவல் இல்லாமல் செய்து கொண்டிருக்கின்றன. பிரான்சில் பிறந்தவன் காலையில் புறப்பட்டு மூன்று நாடுகளைத் தாண்டி மாலையில் சாப்பிடுகிறான். நாம் போக வேண்டுமானால் முன்கூட்டி விசா வாங்க வேண்டும். 2024 முதல் அதற்கு 90 யூரோ. பாங்குக் கணக்கைக் காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் கட்டிய பணம் போனது போனதுதான். இங்கிலாந்துக்குத் தனி விசா. இதற்கெல்லாம் காரணம் நம் அறிவா, ஒழுக்கமா? எங்கே பிறந்தோம் என்பதுதான். பிறப்பைக் கொண்டு வழியை அடைப்பது வைக்கத்தில் தப்பு என்றால் பாஸ்போர்ட்டு ஆபீசிலும் தப்புத்தான்.

இன்னொன்று. மலிவு என்பது யாருடைய வயிற்றில் அடித்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். ரயன்ஏர் கம்பெனி சுமார் முப்பது வருஷம் தொழிற்சங்கத்தை ஒப்புக் கொள்ளாமல் இருந்து, 2017 டிசம்பரில்தான் பைலட்டுகளின் சங்கத்தோடு பேசச் சம்மதித்தது. 2018-இல் பல நாடுகளில் வேலைநிறுத்தம் நடந்தது. எதிர்த்து நின்ற பிறகே தொழிலாளிக்கு மரியாதை வந்தது. சர்வதேச விமானங்களின் எண்ணெய்க்குப் பெரும்பாலும் வரி இல்லை. ஆனால் அந்தப் புகை எல்லோர் தலைக்கு மேலும் நிற்கிறது. ஆகவே ரயிலில் நான்கு மணியில் போகக்கூடிய ஊருக்கு, மலிவு என்பதற்காக மாத்திரம் பறக்க வேண்டியதில்லை என்பது என் யோசனை.

தோழர்களே! நீங்கள் எல்லோரும் நாளைக்கே அய்ரோப்பாவுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மில் அநேகருக்கு அதற்குக் காசு இல்லை. நம் ஊரிலிருந்து அங்கே போகும் முதல் டிக்கெட்டு மலிவானதும் அல்ல. நான் சொல்லுவதெல்லாம், வழி என்பது தானாகத் திறந்ததில்லை என்பதே. தெருவைச் சாஸ்திரத்தின் பெயரால் அடைத்தான். கடலைத் தோஷத்தின் பெயரால் அடைத்தான். ஆகாயத்தை ஒப்பந்தத்தின் பெயரால் அடைத்தான். இன்று எல்லையைப் பிறப்பின் பெயரால் அடைக்கிறான். அடைத்தவன் எல்லாம் மனிதன், திறந்தவனும் மனிதன். இதில் கடவுளுக்கு ஒரு வேலையும் இல்லை. போகிறவர்கள் கணக்குப் போட்டுப் போங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். திரும்பி வந்து பார்த்ததை நம் மக்களுக்குச் சொல்லுங்கள். போக முடியாதவர்கள், ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் ஒரு பிரயாணந்தான்.